தாத்தாவின் ஜெர்மன் பயோனெட்: முத்திரையைப் படித்து விலை போட்ட பதிவு

அலகின் அடியில் இருந்த மூன்று எழுத்துகளைக் கடைசியில் படித்துவிட்டேன்: சி, ஓ, எஃப். மேலே 41. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் கார்ல் ஐக்ஹார்ன் நிறுவனம் 1941இல் செய்த பயோனெட் என்று அதற்குப் பொருள். மவுசர் கே98கே துப்பாக்கியின் முனையில் மாட்டுவது. எங்கள் வீட்டில் எல்லோரும் 'ஆபீசர் கத்தி' என்று சொல்லிவந்தது இதைத்தான். இது ஆபீசர் கத்தி இல்லை, சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுத்தது.

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் போய்வந்தவர்களின் டிரங்குப் பெட்டிகளில் இப்படி ஏதாவது ஒன்று இன்னும் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் முன் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அவருடைய பதக்கங்களில் ஆப்பிரிக்கா ஸ்டாரும் இருக்கிறது, இத்தாலி ஸ்டாரும் இருக்கிறது. பாலைவனத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரியிடமிருந்து எடுத்தது என்பது வீட்டில் சொல்லப்படும் கதை. தாத்தா வாயால் அதை நான் கேட்டதில்லை. பெரியப்பா கேட்டிருக்கிறார். அவர் வீட்டைக் காலி செய்தபோது கத்தி என்னிடம் வந்தது.

கையில் கொடுக்கும்போதே பெரியப்பா சொன்னார்: "தம்பி, புளி போட்டு ஒரு தேய், அப்புறம் கொஞ்சம் சாம்பல். வெள்ளி மாதிரி வந்துடும்." அவர் ஆசையில் தவறில்லை. வெண்கலக் குத்துவிளக்குக்கு அதுதான் முறை. ஆனால் இது எஃகு. அதன் மேல் நீலக் கருப்பாக ஒரு மெருகு ஏற்றியிருப்பார்கள். தொழிற்சாலை போட்ட அந்த மெருகு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதில்தான் வயதும் விலையும் தெரியும். புளியில் உள்ள அமிலம் துருவோடு மெருகையும் சேர்த்து எடுத்துவிடும். அதன்பின் முத்திரையும் மழுங்கும், துருவும் முன்னைவிட வேகமாக வரும். "பெரியப்பா, முதல்ல படிச்சுட்டுத் தேய்க்கிறேன்" என்று சொல்லி வாங்கிவந்தேன்.

முதல் வேலை போட்டோ. இரண்டு பக்கமும், முதுகும், பிடியின் தலையும், உறையின் வாயும், உறையின் நுனியும். பக்கத்தில் ஒரு எஃகு ஸ்கேல் வைத்து எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் எஃகு வெள்ளையாகத் தெரிந்து முத்திரை மறைந்துவிடுகிறது.

அப்புறம் அளவு. டிஜிட்டல் காலிப்பரும் ஸ்கேலும் வைத்து எடுத்தது: அலகு 25.1 செ.மீ., பிடியோடு சேர்த்து 38.5 செ.மீ., அலகின் அடியில் அகலம் ஏறக்குறைய 2.5 செ.மீ. இரண்டு பக்கமும் நீளமாக ஒரு பள்ளம். பிடியின் இரு பக்கமும் செம்பழுப்பு நிறப் பலகைகள், இரண்டு திருகுகள். பிடியின் முதுகில் மெல்லிய தகடு ஒன்று. பிடியின் தலையில் 'டி' வடிவில் ஒரு வெட்டு, பக்கத்தில் அழுத்தும் பொத்தான். அலகும் பிடியும் சேரும் இடத்தில் உள்ள குறுக்குக் காப்பில் துப்பாக்கிக் குழல் நுழையும் வளையம் கிடையாது.

வளையம் இல்லாதது பெரிய அடையாளம். நம் ஊரில் கிடைக்கும் பழைய பயோனெட் பெரும்பாலும் பிரிட்டிஷ் 1907 மாடல். அதன் அலகு 17 அங்குலம், அதாவது 43 செ.மீ. பின்னால் இந்தியாவில் அதை 12 அங்குலமாகக் குறைத்தும் செய்தார்கள். இரண்டுக்குமே குறுக்குக் காப்பில் வளையம் உண்டு. எனவே அது இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் வி-இசட் 24 பயோனெட் இதே குடும்பம், அதுவும் மவுசர் துப்பாக்கிக்கு உரியது. ஆனால் அதில் அலகின் வெட்டும் வாய் மேல்நோக்கி இருக்கும், அலகும் நீளம். அதுவும் இல்லை.

கொஞ்ச நாள் என்னைச் சுற்றவைத்தது அணிவகுப்பு பயோனெட். ஜெர்மன் சிப்பாய்கள் லீவில் வெளியே போகும்போது மாட்டிக்கொள்ள, சொந்தக் காசில் வாங்கியது. உருவம் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அதற்கு நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள், கண்ணாடி மாதிரி மின்னும். பிடிப் பலகையில் கட்டம் கட்டமாகச் செதுக்கு வேலை இருக்கும். நிறுவனத்தின் பெயரும் சின்னமும் வெளிப்படையாக இருக்கும். ஐக்ஹார்ன் என்றால் வாள் பிடித்த அணில். எண் குத்தியிருக்காது. என் கத்தியில் அலகின் ஒரு பக்கம் எண் போல ஏதோ இருந்தது, அணில் இல்லை. ஆக இது ராணுவம் கொடுத்த கத்தி. சேகரிப்பவர்கள் இதை எஸ்84/98 என்பார்கள், அதில் மூன்றாம் வகை. பிடியின் முதுகில் உள்ள தகடு இந்த வகையில் இருக்கும். சுடும்போது குழல்முனையில் வரும் தீ பிடியைக் கருக்காமல் இருக்க வைத்தது.

ஆபீசர் கத்தி என்ற பேச்சு இதோடு முடிந்தது. ஜெர்மன் தரைப்படை அதிகாரிகளின் குத்துவாள் 1935இல் வந்தது. அதன் குறுக்குக் காப்பே கழுகு வடிவில் இருக்கும், அலகு ஒல்லியாக இருபுறமும் வாய் கொண்டிருக்கும். துப்பாக்கியில் மாட்ட வெட்டு இருக்காது.

முத்திரை படிப்பதுதான் பெரிய பாடு. காரணம் எங்கள் வீட்டு ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் அரிவாள், கடப்பாரை, சைக்கிளோடு இந்தக் கத்திக்கும் சந்தனம், குங்குமம். ஒருவரும் துடைத்ததில்லை. வருடக்கணக்கில் சேர்ந்த குங்குமமும் எண்ணெயும் தூசியும் கெட்டியாகி, அலகின் அடியில் முத்திரைக் குழிகளை நிரப்பிவிட்டன. குங்குமம் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு அடியில் எஃகில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது.

இதை எடுக்க நான் இரும்பு எதையும் கிட்டே கொண்டுபோகவில்லை. ஊசி, சேஃப்டி பின், பிளேடு எதுவும் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் எழுத்தின் கோடு எது, கீறல் எது என்று பிறகு தெரியாது. காதுக்குப் பயன்படும் பஞ்சுக் குச்சியில் டர்பன்டைன் தொட்டு ஊறவைத்து, மூங்கில் பல்குச்சியின் முனையை லேசாகச் சீவி மெதுவாகத் தோண்டினேன். அவசரப்பட்டால் ஆகாது. ஊறவிட்டு, தோண்டி, துடைத்து, மறுநாள் மறுபடியும்.

குழி வெளிவந்த பிறகும் நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை எஃகுக்குக் கிட்டத்தட்ட சமமாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தேன். அப்போதுதான் நிழல் விழுந்து எழுத்து எழுந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டும் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதலில் '41' மட்டும் தெரிந்தது. அதைப் படைப்பிரிவு எண் என்று நினைத்துச் சில நாள் ஜெர்மன் ரெஜிமென்ட்களைத் தேடிக்கொண்டிருந்தேன். டார்ச்சை மறுபக்கத்திலிருந்து அடித்ததும் கீழே சிறிய எழுத்துகள் மூன்றும் தெரிந்தன. நடு எழுத்து 'ஓ'வா 'ஈ'யா என்று குழப்பம். நாலு பக்கமும் வெளிச்சத்தைத் திருப்பி நாலு படம் எடுத்து ஒப்பிட்டபோது உள்ளே குறுக்குக் கோடு இல்லை என்று உறுதியானது. ஓதான்.

இந்த எழுத்துகளின் பின்னணியைத் தெரிந்துகொண்டால் படிப்பது சுலபம். ஜெர்மனி மறுபடி ஆயுதம் குவிக்கத் தொடங்கிய காலத்தில் தயாரித்தவர் யார் என்பதை மறைக்க, 'எஸ்' எழுத்தோடு ஒரு எண் குத்தினார்கள். வருடத்தையும் எழுத்தாலேயே மறைத்தார்கள்: கே என்றால் 1934, ஜி என்றால் 1935. பிறகு சில வருடம் நிறுவனத்தின் பெயரையே வெளிப்படையாகப் போட்டார்கள், வருடத்தை அலகின் முதுகில் இரண்டு இலக்கமாகக் குத்தினார்கள். போர் மூண்டபின் 1940 வாக்கில் சிறிய எழுத்துக் குறியீடுகள் வந்தன. எதிரி கையில் கத்தி கிடைத்தாலும் எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று அவனுக்குத் தெரியக்கூடாது என்பதே நோக்கம். ஏஎஸ்டபிள்யூ என்றால் ஹோர்ஸ்டர், சிவிஎல் என்றால் வெயர்ஸ்பெர்க் கிர்ஷ்பாம், சிஓஎஃப் என்றால் ஐக்ஹார்ன். மூன்றுமே சோலிங்கன்தான். என் கத்தியில் அணில் இல்லாததற்கும் இதே காரணம்.

மறுபக்கம் நான்கு இலக்க எண்ணும் அதன் கீழ் ஒரு சிறிய எழுத்தும். எண்கள் பத்தாயிரம் வரை போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்போது அடுத்த எழுத்தைச் சேர்ப்பார்கள். இந்த எண் துப்பாக்கியின் எண் இல்லை. 'இந்த எண்ணுள்ள துப்பாக்கி யாரிடம் இருந்தது' என்று தேடுவதில் பயனில்லை. பிடியின் தலையில் குட்டியாக ஒரு கழுகும் கீழே எண்ணும் இருக்கிறது. ராணுவத்தின் ஆயுத அலுவலகம் சோதித்து ஏற்றுக்கொண்டதன் முத்திரை அது.

இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அடுத்த படி. போலி பிடிபடுவதும் இங்கேதான். பிடிப் பலகை ஆரம்பத்தில் மரம், 1937 வாக்கிலிருந்து பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக். போரின் பின்பகுதியில் திருகுக்குப் பதில் ரிவெட் அடித்தார்கள். 1941 என்றால் பேக்கலைட்டும் திருகும் இருக்கலாம், இருக்கிறது. பேக்கலைட்தானா என்று பார்க்கச் சூடான ஊசியை வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள், அந்தப் புள்ளி என்றைக்கும் போகாது. கட்டைவிரலால் அழுத்திச் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் போதும். பழைய ஆஸ்பத்திரியில் தரை கழுவும் கார்பாலிக் வாசனை லேசாக வரும். வந்தது.

இவ்வளவும் கத்தியின் கதை. உறையை நான் கடைசியில்தான் எடுத்துப் பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். ஏனென்றால் வீட்டுக் கதையை மாற்றியது உறை.

உறை எஃகு, நுனியில் சின்ன உருண்டை. வாய்க்குக் கீழே எண் இருக்கிறது, ஆனால் கத்தியின் எண் இல்லை. குறியீடும் வேறு: 43, எஃப்என்ஜே. கத்தி 1941, உறை 1943. தொழிற்சாலையிலிருந்து இரண்டும் ஒரே எண்ணோடுதான் வெளிவரும். எங்கேயோ மாறியிருக்கிறது. பழுது பார்க்கும் பட்டறையில் மாறியிருக்கலாம். கைதிகளிடமிருந்து வாங்கிக் குவித்த இடத்தில் கைக்கு வந்த உறையில் செருகியிருக்கலாம்.

எஃப்என்ஜே என்பது அலெக்சாண்டர் கோப்பல் நிறுவனம், அதுவும் சோலிங்கன். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. கோப்பல் குடும்பம் யூதக் குடும்பம். தலைமுறைகளாக அந்த ஊரில் கத்தி செய்து, ஊருக்கு நிறையக் கொடுத்து, மதிப்போடு வாழ்ந்தவர்கள். நாஜி ஆட்சியில் நிறுவனம் அவர்கள் கையை விட்டுப் போனது. கடைசியாக அங்கே இருந்த டாக்டர் அலெக்சாண்டர் கோப்பலை 1942இல் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதே வருடம் அங்கேயே இறந்தார். அதற்கு அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வளர்த்த நிறுவனத்தில், அவர்களைக் கொன்ற ஆட்சியின் படைக்காகச் செய்த உறை இது. குங்குமப் பொட்டோடு எங்கள் பரணில் இருந்திருக்கிறது. விலை கேட்டு வருகிற யாருக்கும் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சரி, தாத்தாவின் கதைக்கு வருவோம். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மனி, இத்தாலி சேர்ந்த அச்சு நாட்டுப் படைகள் 1943 மே 13 அன்று டுனீசியாவில் முழுமையாகச் சரணடைந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஜெர்மன் தளபதி ஃபோன் ஆர்னிம் பிடிபட்டது நம் நான்காவது இந்திய டிவிஷனிடம்தான். மெட்ராஸ் சாப்பர்ஸின் 12ஆவது ஃபீல்டு கம்பெனி அந்த டிவிஷனில் இருந்தது. 1943இல் சோலிங்கனில் செய்த உறை கடல் தாண்டி டுனீசியாவுக்கு மே மாதத்துக்குள் வந்திருக்க முடியுமா? வருடத்தின் முதல் வாரங்களில் செய்திருந்தால் முடியும். ஆனால் இத்தாலியில் 1944இல் கிடைத்தது என்பதற்கே வாய்ப்பு அதிகம். அல்லது கத்தி பாலைவனத்தில் கிடைத்து, உறை இத்தாலியில் சேர்ந்திருக்கலாம். பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசினோ, காசினோன்னு தூக்கத்துல சொல்லுவார். பொம்பள பேருன்னு அம்மா சண்டை போட்டிருக்காங்க" என்றார். மான்டே காசினோ. 1944 பிப்ரவரி, மார்ச்சில் நான்காவது இந்திய டிவிஷன் மலை ஏறிச் செத்த இடம். உறையில் உள்ள 43 என்ற எண் இல்லையென்றால் இந்தப் பேச்சே எங்கள் வீட்டில் வந்திருக்காது.

அதே பிப்ரவரி 24 அன்று, காசினோவுக்குத் தெற்கே மின்யானோ பக்கத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். அதற்காக ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது அவருக்குக் கிடைத்தது. கண்ணிவெடி எடுப்பவர்கள் அப்போது தரையில் குப்புறப் படுத்து, பயோனெட்டைச் சாய்வாகக் குத்திக் குத்தித் தேடுவார்கள். ஜெர்மன் கண்ணிவெடிகளில் சில மரப்பெட்டியில் செய்தவை, உலோகம் கண்டறியும் கருவிக்குச் சிக்காதவை. அதற்குக் கையும் முனையும்தான் வழி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கத்தியின் முனை மழுங்கியிருக்கிறது. நுனியிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் வரை நீளவாக்கில் மெல்லிய கீறல்கள், மண்ணில் திரும்பத் திரும்பக் குத்தினால் விழுபவை. தாத்தா இதை வைத்துக் கண்ணி தேடினாரா? அப்படி நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் பாட்டி கருணைக்கிழங்கு தோண்டியதும் இதே கத்தியில்தான் என்று பெரியப்பா சொல்கிறார். எஃகைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் குறிப்பில் 'முனையில் மண் கீறல்கள்' என்று மட்டும் எழுதினேன். வாய்ப் பக்கம் ஒருமுறை தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டியிருக்கிறார்கள். அந்தச் சாணைக் கோடுகள் வேறு மாதிரி, குறுக்காக இருக்கின்றன.

துப்புரவை மிகக் குறைவாக வைத்துக்கொண்டேன். துருவில் இரண்டு வகை. கரும்பழுப்பாகக் கெட்டியாக ஒட்டியிருப்பது பழையது, அது அசையாது, அதை விட்டுவிடலாம். செம்மண் போலத் தூளாகக் கையில் ஒட்டுவது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. அதை மட்டும் எடுத்தேன். தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, ஒரு பழைய ஓட்டைக் காலணாவின் விளிம்பால் சுரண்டினேன். 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு அது. வெண்கலம் எஃகைவிட மென்மை, துருவை எடுக்கும், எஃகைக் கீறாது. உப்புத்தாளோ பாத்திரம் தேய்க்கும் கம்பியோ கிட்டேயே வரவில்லை. உறையின் உள்ளே எண்ணெய் ஊற்றக்கூடாது. அடியில் தேங்கித் தூசியோடு சேறாகிவிடும்.

எஃகில் இருந்த குங்குமத்தை முழுவதும் எடுத்தேன், அது எஃகைத் தின்கிறது. பிடியின் பேக்கலைட்டில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு சேகரிப்பாளர் அதைக் கறை என்பார். எங்கள் வீட்டில் எழுபது வருட ஆயுத பூஜை அது.

இடுப்பு பெல்ட்டில் மாட்டும் தோல் பட்டை காய்ந்து வெடித்திருந்தது. அதற்கு நான் எண்ணெயே போடவில்லை. எண்ணெய் தோலைக் கறுக்கவைத்து, தையல் நூலை இற்றுப்போகச் செய்யும். செம்பு ரிவெட்டில் இருந்த பச்சைக் களிம்பை மட்டும் மூங்கில் குச்சியால் எடுத்து, பட்டையை உறையிலிருந்து கழற்றித் தனியாக வைத்தேன். தோலும் எஃகும் ஒட்டிக் கிடந்தால் எஃகுக்கு ஆகாது.

செலவு: டிஜிட்டல் காலிப்பர் 1,150 ரூபாய், லென்ஸ் 280, மிஷின் எண்ணெய் 45, டர்பன்டைன் 90, கையுறை 120, சிலிக்கா ஜெல் 150, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் வகை மெழுகு 2,100. மொத்தம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெழுகு இல்லாமலும் முடியும், எண்ணெய்த் துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் சரி. காலிப்பரும் கட்டாயமில்லை, நல்ல எஃகு ஸ்கேல் போதும். லென்ஸ் மட்டும் கட்டாயம் வேண்டும்.

விலை போடும் முன் சட்டம். ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் வரும் விதிகளின் அட்டவணையில் பயோனெட் என்று பெயரே இருக்கிறது. கத்தி வகைகளுக்கு அளவுகோல் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம். 9 அங்குலம் என்றால் 22.86 செ.மீ., என் அலகு அதைத் தாண்டுகிறது. வைத்திருக்க உரிமம் தேவையா என்பது உங்கள் பகுதி அரசாணையில் அறிவிக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது. அதனால் கலெக்டர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கத்தியோடு வைத்துக்கொள்ளுங்கள். தொல்பொருள் சட்டம் 1972 இதற்குப் பொருந்தாது. அதற்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும், இது 2041இல்தான் அதைத் தொடும். கூரியரிலோ தபாலிலோ அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

விலையைத் தேடும்போது கேட்கும் விலையை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏலத்தில் விற்று முடிந்த விலையை மட்டும் எடுத்தேன். பிரிட்டன், ஜெர்மனி ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளை வெளியிடுகின்றன. அங்கே தெரிவது பெரும்பாலும் சுத்தி விழுந்த விலை, வாங்குபவர் அதற்கு மேல் கமிஷன் தருகிறார். இதையும் பார்த்து ஒப்பிட வேண்டும். நான் குறித்துக்கொண்டவற்றில், கத்தியும் உறையும் ஒரே எண், மெருகு நன்றாக இருக்கிறது, வாய் தீட்டப்படவில்லை என்றால் 150 முதல் 220 யூரோ. எண் பொருந்தாவிட்டால் 80 முதல் 130. தீட்டியது, குழி விழுந்தது என்றால் அதற்கும் கீழே. எஸ் எண்ணும் கே, ஜி எழுத்தும் உள்ள ஆரம்பக் காலத்தவை, மான்கொம்புப் பிடி போட்ட போலீஸ் பயோனெட், அலகில் சித்திர வேலை உள்ள அணிவகுப்பு வகை இவையெல்லாம் வேறு விலை. சித்திர வேலை விலை கூட்டுகிறது என்பதாலேயே சாதாரண அலகில் பிறகு பொறிக்கப்பட்ட போலிகளும் ஏராளம். நம் டேராடூனில் செய்து வெளிநாடு போகும் மாதிரிக் குத்துவாள்கள்கூடச் சில வருடம் மண்ணில் கிடந்தால் அசலாகிவிடுகின்றன.

என் கத்திக்கு நான் எழுதிய மதிப்பு 60 முதல் 75 யூரோ, தோல் பட்டையோடு. ரூபாயில் ஒரு நல்ல சைக்கிள்கூட வராது. போனில் படம் பார்த்த ஒரு வியாபாரி 80,000 ரூபாய் என்றார், 'நாஜி ஆபீசர் கத்தி' என்று எழுதித் தரும் பட்சத்தில். அப்படி எழுதித்தர முடியாது. ஆபீசர் இல்லை என்று எஃகு சொல்கிறது. விற்கும் எண்ணமும் இல்லை. பெரியப்பாவின் பிள்ளைகளும் நானும் பிரித்துக்கொள்ளும் சொத்தில் இதற்கு ஒரு எண் வேண்டும் என்பதால்தான் விலை போட்டேன். அந்த எண் சின்னதாக இருந்ததில் எங்களுக்குள் பேச்சு சுலபமாக முடிந்தது.

அடுத்தமுறை இப்படி ஒன்று கைக்கு வந்தால் உறையைத்தான் முதலில் படிப்பேன். எண்களை எழுதிய பிறகே வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்பேன், கேட்கும்போது ரெக்கார்டரை ஓடவிடுவேன். கதையை முதலில் கேட்டால் கண் அதையே எஃகில் தேடுகிறது. முத்திரைக்கு நாலு திசை வெளிச்சத்தில் படம் எடுப்பதை முதல் நாளே செய்வேன்.

இப்போது கத்தி மெழுகு பூசி, உறைக்கு வெளியே, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் இருக்கிறது. கூடவே அளவு, எண்கள், படங்கள், கோப்பல் பற்றிய குறிப்பு எல்லாம் ஒரே தாளில். தோல் பட்டையின் பின்புறம் ஒரு முத்திரை இருக்கிறது, வெடிப்புக்கு நடுவில் ஒரு வருடம் போலத் தெரிகிறது, இன்னும் படிக்கவில்லை. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்திலிருந்து சேவை எண்ணை எடுத்து, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். எந்தக் கம்பெனி, எந்த மாதம் இத்தாலியில் இறங்கினார் என்று அவர்கள் சொன்னால் அந்தத் தாளில் அதையும் சேர்ப்பேன்.